மனையோடு துறையும் வேண்டும்

மீனவரை வீடு மாறச் சொல்பவர்கள் மனையின் நீள அகலத்தை மட்டும் அளக்கிறார்கள். கடலூரிலிருந்து கொள்ளிடம் வரை, ஆற்றையும் கழியையும் நம்பிப் பிழைப்பவருக்குப் படகு கட்டும் கரையும் வீட்டில் சேர்ந்ததுதான். 2004 சுனாமியில் பிச்சாவரத்துக்குப் பக்கத்திலிருந்த எம்.ஜி.ஆர். திட்டு அழிந்தது, தப்பியவர்கள் கிள்ளைப் பக்கம் குடியேறினார்கள். உயிருக்கு அதுதான் பாதுகாப்பு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் 2005 மார்ச்சில் வந்த அரசாணை, கரையிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் அரசின் புது வீட்டைப் பெற்றால் பழைய மனையை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது. மனை போனால், வலை உலர்த்திய இடமும் போகிறது.

காலமும் முக்கியம். நம் ஊரில் வீடு மாற நாள் பார்ப்பது சித்திரை, வைகாசியில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை இருப்பதும் அப்போதுதான். ஆற்றிலும் கழியிலும் பிடிப்பவருக்கோ அந்த நாட்களிலும் வேலை உண்டு. பிச்சாவரம் கழியில், ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள் இருளர்கள். தண்ணீர் வற்றும் நேரம்தான் அவர்களுக்கு வேலை நேரம். அந்த நேரத்தில் பட்டாவுக்கு வரிசையில் நிற்கச் சொன்னால் அன்றைய கூலி போயிற்று. குடிபெயரும் நாளை அவர்களைக் கேட்டுக் குறியுங்கள். பழைய துறையை ஊர்ப் பொதுவாகவே விட்டுவையுங்கள்.