மேல்துரு என்னும் பொய்

"மேல்துருதான் சார், ஒண்ணும் ஆகாது." சென்னையில் தி.நகரிலும் அடையாறிலும் பழைய கார் கைமாறும்போது கேட்கிற பேச்சு இது. விற்பவர் சொல்வார், மெக்கானிக் தலையாட்டுவார், வாங்குபவர் பணத்தை எண்ணிக் கொடுப்பார். துரு பனிநாட்டுச் சமாச்சாரம், நம் வெயிலில் எல்லாம் காய்ந்துவிடும் என்ற நம்பிக்கைதான் இந்தத் தைரியத்தைத் தருகிறது. உயிரை வாங்கக்கூடிய நம்பிக்கை.

காய்ந்தே கிடப்பதில்லை. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். சாந்தோமிலும் பெசன்ட் நகரிலும் கடற்காற்று வண்டியின் அடியில் அப்பும் உப்பு பகலில் உலர்ந்தாலும் இரவில் மறுபடி நனைகிறது. போதாததற்கு வெள்ளம். 2015 டிசம்பரில் கோட்டூர்புரத்தில் கார்கள் மூழ்கின. 2023 மிக்ஜாம் புயலிலும் நகரெங்கும் வண்டிகள் நீரில் நின்றன. இன்ஜின் ஓடியதும், சீட் காய்ந்ததும் எல்லாரும் நிம்மதியானார்கள். சஸ்பென்ஷனில் தங்கிய சேற்றைக் கழுவியவர்கள் எத்தனை பேர்?

மழைக்குப்பின் பிரேக் டிஸ்க்கில் படியும் செந்நிறம் உண்மையிலேயே மேல்துரு. நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். காயில் ஸ்பிரிங் அப்படியல்ல. அதன் கீழ்ச்சுற்று உட்காரும் இடத்தில் மணலும் ஈரமும் தேங்கும். பெயிண்ட் உரிந்த இடத்தில் துரு ஒரு சிறு குழி பறிக்கும். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் வண்டியின் பாரம் அந்தக் குழியில் குவிய, அது விரிசலாக வளரும். கம்பி பார்க்கத் தடியாகவே இருக்கும். ஒருநாள் முறியும், முறிந்த முனை டயரைக் கிழிக்கலாம். பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்து உள்ளே தண்ணீர் புகுந்தால், அரிப்பு வெளியே தெரியவே தெரியாது. ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். அப்புறம் ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பயனில்லை.

மறைமலை நகரில் கார் தயாரித்த ஃபோர்டு நிறுவனமே, 2010இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் லட்சக்கணக்கான விண்ட்ஸ்டார் வேன்களைத் திரும்ப அழைத்தது. அரிப்பால் பின் அச்சு உடையக்கூடும் என்பதே காரணம். அவை 1998 முதல் 2003 வரையிலான மாடல்கள். மாடல் ஆண்டுக் கணக்கில் பன்னிரண்டு வயதைத் தாண்டாத வண்டிகள்.

இங்கே டாக்சிக்கு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று உண்டு. சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். அதுவரை தகுதிச் சோதனை கட்டாயமில்லை. 2015இல் வாங்கி அந்த ஆண்டே மூழ்கிய கார், 2030 வரை சோதனையே இல்லாமல் ஓடலாம். இந்த விதி மாற வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டிக்காவது உடனடியாக அடிப்பாகச் சோதனை வேண்டும்.

அதுவரை, லிஃப்டில் ஏற்றிக் காட்டாத வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அடியில் புதுக் கறுப்புப் பெயிண்ட் மின்னினால் ஸ்பிரிங் உட்காரும் இடத்தைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் தடுத்தால் கிளம்பிவிடுங்கள்.