வெடிக்காமல் ஒரு கதை முடியாதா?



ஆண்டு மலருக்குக் கதை கேட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் போதும், நம்மாட்கள் எழுதித் தருவதில் முக்கால்வாசி ஒரே மாதிரிதான் முடிகிறது. ஏழைப் பெண், பட்டாசு ஆலை, கடைசிப் பத்தியில் 'டமார்!' அப்புறம் நாலு வரி கண்ணீர். சிவகாசிப் பக்கத்துக்காரன் வேறென்ன எழுதுவான் என்கிறீர்களா? அங்கேதான் எனக்குச் சண்டை.

விபத்து பொய்யல்ல. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்ததை நம்மில் யார் மறந்தோம்? ஆனால் எத்தனை பேர் செத்தார்கள் என்று சொல்லப் பத்திரிகை இருக்கிறது. செத்தவள் முந்தின நாள் யாரோடு கோபித்துக்கொண்டாள், எந்தச் சீட்டுக்குப் பணம் கட்டினாள் என்பதைப் பத்திரிகை சொல்லாது. அது கதையின் வேலை.

என் அக்கா பயர் ஆபீசில் சரம் பின்னுகிறவள். அப்படிப்பட்ட கதை ஒன்றை அவளிடம் படித்துக் காட்டினேன். "இதுல நாங்க எங்கடா இருக்கோம்? சாகத்தான் வேலைக்குப் போறோமா?" என்று கேட்டாள். இதைவிட நல்ல விமர்சனத்தை நான் கேட்டதில்லை. கதையில் வரும் பெண் சாவதற்கென்றே படைக்கப்பட்டவளாக இருந்தால் அது இலக்கியமாகாது. 'அந்திவானம் சிவந்தது' என்று செந்தமிழில் ஆரம்பித்தாலும் ஆகாது!

நம் மாவட்டத்துக்காரர் ச.தமிழ்ச்செல்வன் எழுதிய 'வெயிலோடு போய்' கதையைப் படியுங்கள். 2008-இல் 'பூ' என்று படமாக வந்ததே, அதுதான். ஆசைப்பட்டவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அவனாவது நல்லாயிருக்கட்டும் என்று நினைக்கிறாள் ஒரு பெண். அவன் நல்லாயில்லை என்று தெரிந்ததும் அழுகிறாள். அவ்வளவுதான் கதை. எதுவும் வெடிக்கவில்லை. ஆனால் அந்த அழுகை லேசில் மறக்காது.

"சரி, எழுதினா சோறு கிடைக்குமா?" இது வீட்டில் கேட்கிற கேள்வி. நம் டிப்ளமோவை நம்பித்தானே கடன் வாங்கியிருக்கிறார்கள், கேட்கத்தான் செய்வார்கள். மேலாண்மறைநாட்டில் மேலாண்மை பொன்னுச்சாமி என்று ஒருவர் இருந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. சொந்த ஊரில் பலசரக்குக் கடை வைத்துக்கொண்டே எழுதினார். 'மின்சாரப் பூ' தொகுப்புக்கு 2007-இல் சாகித்திய அகாதமி விருது! 2017-இல் மறைந்தார். கடை எழுத்துக்கு இடைஞ்சல் என்று அவர் மூட்டை கட்டியிருந்தால், உப்பும் புளியும் வாங்க வரும் ஜனங்களின் பாட்டை எங்கே கேட்டிருப்பார்? தமிழ்ச்செல்வன் தபால் துறையில் இருந்தார், பூமணி கூட்டுறவுத் துறையில். மல்லாங்கிணறு எஸ்.ராமகிருஷ்ணன் மாதிரி முழுநேரமும் எழுத்தே என்று வாழ்ந்தவரும் உண்டு. 2018-இல் 'சஞ்சாரம்' நாவலுக்கு அவருக்கும் அகாதமி விருது கிடைத்தது. ஆனால் அந்தத் துணிச்சல் எல்லாருக்கும் வராது, எனக்கு நிச்சயமாக வராது.

ஆகவே, "வேலை கிடைக்கட்டும், அப்புறம் எழுதலாம்" என்கிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வகுப்பிலேயே ஆலைக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகள் எத்தனை பேர்! கூலி வாங்கிய சாயங்காலம் வீட்டில் என்ன பேச்சு நடக்கிறது? அலுமினியத் தூள் ஒட்டிய கையை எத்தனை தடவை கழுவிவிட்டுச் சோறு பிசைகிறார்கள்? இதை இதுவரை ஒருவரும் எழுதித் தரவில்லை. ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்கள் எல்லோரிடமும் காலியாகத்தான் கிடக்கின்றன. அடுத்த மலருக்கு அதிலே எழுதிக் கொடுங்கள். அக்காவிடம் முதலில் நான் படித்துக் காட்டுகிறேன்.

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்