புதிர் போடுங்கள், பொறி வைக்காதீர்கள்!



ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேரன், விடுமுறையில் கம்ப்யூட்டரில் தானே ஒரு விளையாட்டு செய்தான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனம் 2007-ல் இலவசமாக வெளியிட்ட 'ஸ்க்ராட்ச்' மூலம் செய்தது அது. ஒரு லெவலில் பூட்டிய கதவு இருக்கும். பூனை சாவியைத் தொட்டால், கணக்கில் 0 என்று இருப்பது 1 ஆகும். 1 ஆனால்தான் கதவு திறக்கும். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால், சாவியை எங்கே வைத்தான் தெரியுமா? ஒரு சுவருக்குப் பின்னால்! முட்டினால் அந்தச் சுவர் திறக்கும். ஆனால், மற்ற சுவர்களுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. அவன் தங்கை அரை மணி நேரம் தேடிவிட்டு, அழாத குறையாக எழுந்து போனாள்.

"பார்த்தீங்களா தாத்தா, யாராலும் ஜெயிக்க முடியாது!" என்று அவனுக்கு ஒரே பெருமை.

எனக்குச் சுருக்கென்றது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கணக்குத் தேர்வில் நானும் அப்படி ஒரு கேள்வி கேட்டேன். வகுப்பில் ஒருவர்கூட விடை எழுதவில்லை. பெருமையாகத் தலைமை ஆசிரியரிடம் காட்டினேன். "இதை எப்போது நடத்தினீர்கள்?" என்று மட்டும் கேட்டார். நான் நடத்தவே இல்லை!

ஜப்பானில் 1982-ல் வெளிவந்த 'சோகோபான்' விளையாட்டைப் பாருங்கள். கிடங்கில் உள்ள பெட்டிகளை உரிய இடத்துக்குத் தள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பெட்டியைத்தான் தள்ளலாம், இழுக்க முடியாது. மூலையில் சிக்கிய பெட்டி சிக்கியதுதான். எதுவுமே ஒளித்து வைக்கப்படவில்லை. ஆனாலும், மண்டையைக் குடையும். தோற்றால், 'அடடா, நான்தான் அவசரப்பட்டேன்' என்று தோன்றும். உடனே மறுபடி விளையாடுவோம். இதுதான் புதிர்!

2015-ல் வந்த 'சூப்பர் மரியோ மேக்கர்' விளையாட்டில், லெவல் செய்தவர் அதைத் தானே ஆடி முடித்த பிறகுதான் மற்றவர்களுக்காக வெளியிட முடிந்தது. நல்ல விதி. ஆனால், அது மட்டும் போதாது. என் பேரனும் தன் லெவலை முடித்தானே! அவனுக்குத்தான் சாவி இருக்கும் இடம் தெரியுமே!

ஆகவே, புதிர் செய்யும்போது மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள். விதியை முதலில் எளிதான இடத்தில் கற்றுக்கொடுங்கள். கவனித்தால் கண்ணில் படும்படி ஒரு துப்பு வையுங்கள். பிறகு, ஒரு நண்பரை ஆடச் சொல்லி, வாய் திறக்காமல் பாருங்கள். அவர் எங்கே திகைத்து நிற்கிறாரோ, அங்கே திருத்துங்கள்.

பேரன் யோசித்தான். முதல் அறையில் விரிசல் விட்ட சுவர் ஒன்றை வைத்தான். முட்டினால் அது திறக்கும்; உள்ளே ஒரு நட்சத்திரம். சாவி இருக்கும் சுவரிலும் மெல்லிய விரிசல் ஒன்று வரைந்தான். தங்கையைக் கெஞ்சிக் கூட்டி வந்தான். அவள் தேடினாள், தவறினாள், யோசித்தாள். கடைசியில் கதவு திறந்ததும் துள்ளிக் குதித்தாள். அவளைவிட அதிகமாகத் துள்ளியவன் அவன்தான்!

உங்கள் புதிரையும் யாராவது விடுவித்து மகிழட்டும். வெற்றி உங்களுக்கும்தான்!