வீட்டுப் பேச்சோடு வரும் பிள்ளைகள்

செங்கம் ஒரு கணவாய் ஊர். மேற்கே பாராமகால் மேட்டுநிலம், கிழக்கே திருவண்ணாமலைச் சமவெளி, வடக்கே ஜவ்வாது மலை என்று மூன்றுக்கும் நடுவில் இருந்ததால், படையும் வணிகமும் கூத்தும் இந்த ஊரைத் தொடாமல் கடந்ததில்லை. மலைபடுகடாத்தில் பெருங்கௌசிகனார் கூத்தர்களை ஆற்றுப்படுத்தியது செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம்தான். 583 அடிகள் கொண்ட அந்தப் பாட்டின் பெரும்பகுதி அவனிடம் போகும் வழியையும் வழியில் வாழும் மக்களையும் பற்றியது. மலையில் எழும் ஓசைகளைப் புலவர் ஒவ்வொன்றாக அடுக்கும் இடம் அதில் உண்டு. புலி பாய்ந்த கணவனின் புண் ஆற வேண்டிக் கொடிச்சி பாடும் பாட்டு கேட்கிறது. தினை குற்றும் பெண்களின் பாட்டு கேட்கிறது. பல மொழி கலந்த சொற்களால் யானையைப் பழக்கும் பாகரின் குரலும் கேட்கிறது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த மலையில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழி புழங்கியது என்பதும், அதைக் காது கொடுத்துக் கேட்ட ஒரு புலவர் இருந்தார் என்பதும் நமக்குக் கிடைத்த முதுசொம்.

அடுத்த சாட்சி கல்லில் இருக்கிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்கள் பெரும்பாலும் ஆநிரைப் பூசலில் மாண்டவர்களுக்கு எடுக்கப்பட்டவை. எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல் ஒன்று உண்டு. எருமைகளைக் காத்து இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு அருகே அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அந்த நாயின் பெயர். அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற செய்தியை வட்டெழுத்தில், பேச்சுக்கு நெருங்கிய எளிய தமிழில் வெட்டியிருக்கிறார்கள். அதே மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் தன் குகைக்கோயிலைப் பற்றிச் சொன்னது வடமொழியில். மத்தவிலாசம் எழுதியதும் வடமொழியிலும் பிராகிருதத்திலும். அரசவையின் மொழி ஒன்றாகவும் மாடு மேய்ப்பவரின் மொழி வேறொன்றாகவும் இருந்த காலத்தில், மேய்ப்பவரின் மொழிக்கும் கல்லில் ஓர் இடம் இருந்தது. பிந்தைய நூற்றாண்டுகளில் அந்த இடம் சுருங்கிக்கொண்டே வந்தது.

1767 செப்டம்பரில் ஹைதர் அலியின் படையும் கர்னல் ஸ்மித்தின் கம்பெனிப் படையும் மோதியது இந்தக் கணவாயில்தான். கால் நூற்றாண்டுக்குப் பின் பாராமகால் கம்பெனியின் கைக்குப் போனபோது, அங்கே நிலவரி வேலைக்கு வந்த இளம் அதிகாரிகளில் ஒருவர் தாமஸ் மன்றோ. அவரே பின்னர் சென்னை ஆளுநராகி 1822-இல் மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 12,498 பள்ளிகள் இருந்தன. மக்கள்தொகையில் 67 பேருக்கு ஒருவர் படித்துக்கொண்டிருந்தார். வட ஆற்காட்டு ஆட்சியர் தமிழ், தெலுங்கு, பாரசீகம், ஆங்கிலம் என்று பள்ளிகளை மொழிவாரியாகவே பிரித்து எழுதி அனுப்பினார். இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குப் பல மொழி என்பது நேற்று வந்த புதுமையன்று. ஆனால் அந்தத் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரல் வைத்து எழுதியவர்களுள் மலைப் பிள்ளைகளைத் தேடிப் பயனில்லை. நம் கல்வி வரலாற்றைப் பெருமையோடு சொல்லும் ஒவ்வொரு முறையும், திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களையும் சேர்த்தே சொல்ல நாம் கடமைப்பட்டவர்கள்.

அந்தத் திண்ணையிலிருந்து உலகுக்குப் போன பாடம் ஒன்று இருக்கிறது. 1789-இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தைப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பதைக் கண்டார். சட்டாம்பிள்ளை முறை என்று நாம் அறிந்திருந்ததை அவர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோக, அது 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்றது. செலவு குறைவு என்பதற்காகவே அதை அங்கே போற்றினார்கள். தன்னைப் போலவே பேசும் ஒருவரிடமிருந்துதான் பிள்ளை முதலில் கற்றுக்கொள்கிறது என்ற அதன் உட்பொருளை யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் இரண்டு மொழி குழந்தையைக் குழப்பும் என்றே மேலை நாட்டு அறிஞர் பலர் நம்பினார்கள். 1953-இல் யுனெஸ்கோ தாய்மொழியில் தொடங்குவதே நல்லது என்று அறிவித்தது. 1962-இல் பீல், லாம்பர்ட் இருவரும் மான்ட்ரியல் நகரத்துப் பத்து வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து, இருமொழிப் பிள்ளைகள் பின்தங்கவில்லை, முந்தியே நிற்கிறார்கள் என்று காட்டினார்கள். நன்னனின் மலையில் யானைப்பாகருக்குத் தெரிந்திருந்த ஒன்றை ஏற்க, கற்றவர் உலகத்துக்கு அவ்வளவு காலம் பிடித்தது.

நம் நாட்டில் 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுப் பிள்ளைக்கும் சோறு போட்டது. அதே ஆண்டில் நியூசிலாந்தின் மாவோரி மக்கள், பாட்டிமாரும் தாத்தாமாரும் கைக்குழந்தைகளோடு தங்கள் மொழியிலேயே பேசும் 'கோஹங்கா ரேயோ' என்ற மழலையகங்களைத் திறந்தார்கள். நாம் வயிற்றிலிருந்து தொடங்கினோம், அவர்கள் நாவிலிருந்து தொடங்கினார்கள். பசியை முதலில் பார்த்த நம் முன்னோடிகள் செய்தது சரி. ஆனால் அதோடு வேலை முடிந்துவிட்டதாக நாம் இருந்துவிட்டோம்.

ஜவ்வாது மலையில் சாமையும் கேழ்வரகும் விளைவிக்கும் மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழ்தான். ஏடுகளில் அவர்கள் வீட்டுப் பிள்ளையின் தாய்மொழி தமிழ் என்று பதிவாகிவிடுவதால், அந்தப் பிள்ளை இரண்டு பேச்சுகளுக்கு நடுவில் நிற்கிறது என்பதே யாருக்கும் தோன்றுவதில்லை. சொல்லும் இழுப்பும் வேறான மலைப்பேச்சிலிருந்து பாடநூல் தமிழுக்கும், அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் அது ஏறவேண்டியிருக்கிறது. செங்கம் நகரத்தில் உருதும் தெலுங்கும் பேசும் வீடுகளின் பிள்ளைகளுக்காவது வேற்றுமொழிக்காரர் என்ற அடையாளம் உண்டு. மலைப் பிள்ளைக்கு அதுவும் இல்லை. 2024-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கை தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மொழிகளை ஆவணப்படுத்த நிதி ஒதுக்கியது வரவேற்கத்தக்கது. தனிமொழியாக எண்ணப்படாத பேச்சுகளுக்கு அந்த வரிசையில் இடமில்லை.

அங்கன்வாடிக்குள் நடப்பதைக் கவனித்தால் இது விளங்கும். சமவெளியிலிருந்து வந்த பணியாளர் படத்தைக் காட்டிக் கேட்கும்போது வாய் திறக்காத மூன்று வயதுப் பெண்குழந்தை, அதே ஊரைச் சேர்ந்த உதவியாளர் சத்துமாவு உருண்டையை நீட்டியதும் ஓடைக்கரையில் பார்த்த தேனடையிலிருந்து ஆட்டுக்குட்டி வரை எல்லாவற்றையும் ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறது. புது மொழிக்குள் வரும் குழந்தை சில வாரங்கள், சில சமயம் மாதங்கள், பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு. அதை மந்தம் என்று எழுதிவிடுகிற அவசரம்தான் பிள்ளைக்குக் கேடு.

2012-13-இல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழி பரவத் தொடங்கியது. 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வந்தன. மலையிலிருந்து காப்பித் தோட்ட வேலைக்கும் திருப்பூருக்கும் போகும் பெற்றோர், தம் பிள்ளை ஆங்கிலம் பேசவேண்டும் என்று ஏங்குவதில் நியாயம் இருக்கிறது. வடமொழி, பாரசீகம், ஆங்கிலம் என்று ஒவ்வொரு காலத்திலும் ஒரு மேல்மொழி இந்தக் கணவாய் வழியே வந்தது. ஒவ்வொரு முறையும் வீட்டுப் பேச்சைக் கழற்றி வைத்துவிட்டு வரும்படி பிள்ளையிடம் சொல்லப்பட்டது. புது மொழி நிலைத்து வேர்பிடிப்பதோ, பழைய மொழியில் எண்ணவும் கதை சொல்லவும் தெரிந்த பிள்ளையிடம்தான்.

செய்யவேண்டியவை பெரிய செலவு கேட்பவை அல்ல. அந்தந்த மலை ஊரின் பெண்களையே பணியாளர்களாக்கிப் பயிற்சி தரலாம். முதல் இரண்டு ஆண்டுகள் வகுப்பின் பேச்சு வீட்டுப் பேச்சாகவே இருக்க, பாடநூல் தமிழையும் ஆங்கிலத்தையும் பாட்டாகவும் விளையாட்டாகவும் மெல்லச் சேர்க்கலாம். மலை ஊர்ப் பாட்டிமாரின் கதைகளை அவர்கள் சொல்லும்படியே எழுதி, படம் வரைந்து, சிறு நூல்களாக்கலாம். இவற்றின் பயன் அடுத்த தேர்தலுக்குள் தெரியாது. இன்று மூன்று வயதில் இருப்பவர்கள் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துவரும்போதுதான் தெரியும். ஒரு நாயின் பெயரைக்கூட விட்டுவிடாமல், ஊரார் பேசிய தமிழிலேயே கல்லில் எழுதி வைத்தவர்களின் வழி வந்தவர்கள் நாம். அந்த நீண்ட காலக்கணக்கை வைத்துக்கொண்டு யோசிக்க நமக்குத் தெரியவேண்டும். மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளையின் பேச்சை முதலில் கேட்டுவிட்டு, பிறகு நம்முடையதைக் கற்றுக்கொடுக்க வேண்டும்.