வண்டி நமது, அதன் மொழி யாருடையது?

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கிவிட்டால் அது நமக்கே உரியதாகிவிடும் என்பது உலக வழக்கு. பதிவுப் புத்தகத்தில் நமது பெயர் இருக்கிறது. சாவி நமது சட்டைப்பையில் இருக்கிறது. இனி நம்மைக் கேட்பார் யார் என்று நாம் இறுமாந்திருக்கிறோம். ஆயின், அப்பொருள் பேசும் மொழி நமக்கு விளங்காதெனில் அதை நாம் முழுமையாக உடையவராவோமா? அப்புத்தளையில் ஒரு ஹைபிரிட் காரை வாங்கிச் சில மாதம் ஓட்டிப் பார்த்த பின்னர் இக்கேள்வி எம்மை விடாது பற்றிக்கொண்டது. இது ஒரு வண்டிக்காரனின் தனிக் கவலை அன்று. மலையகத்தில் வாழும் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கவேண்டிய பொது விடயம் என்பதனாலேயே இங்கு எழுதத் துணிந்தோம்.

2022ஆம் ஆண்டை நாம் மறந்துவிடவில்லை. பெற்றோல் நிலையங்களின் வாசலில் இரவு பகலாகக் காத்துக் கிடந்தோம். அவ்வாண்டு யூலையில் கியூ.ஆர். அட்டை முறை வந்தபோது ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர் என அளந்து கொடுத்தார்கள். மேட்டிலே ஏறிப் பள்ளத்திலே இறங்கும் நமது பாதைகளில் 20 லீற்றர் எத்தனை நாளைக்குப் போதும்? எண்ணெயைச் சிக்கனமாகக் குடிக்கும் வண்டி வேண்டும் என்ற எண்ணம் அந்த வரிசையிலேதான் எமக்குப் பிறந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறந்துவிடப்பட்டது. வரியும் விலையும் மலைபோல் நின்றமையால், யப்பானில் ஏற்கனவே ஓடிய சிறிய வண்டி ஒன்றையே நாம் வாங்க முடிந்தது.

ஹைபிரிட் என்பது பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் கலப்பு வண்டி. 1997இல் யப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா ப்ரியஸ்தான் பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்ட முதல் ஹைபிரிட் கார். சாதாரண வண்டியில் பிரேக்கை மிதித்தால் ஓட்டத்தின் ஆற்றல் வெறும் வெப்பமாகக் காற்றோடு போய்விடும். கலப்பு வண்டியிலோ, அவ்வேளையில் மோட்டாரே மின் பிறப்பாக்கியாக மாறி, அந்த ஆற்றலில் ஒரு பகுதியைப் பற்றரியில் சேர்த்து வைக்கும். வீணாவதைச் சேமித்து வேண்டியபோது எடுத்துக் கொடுக்கும் நல்ல குடும்பப் பெண்ணின் குணம் அதற்கு உண்டு.

முதல் நாள் அனுபவமே வேடிக்கையானது. பொத்தானை அழுத்தினோம், சத்தமே இல்லை. வண்டி உயிரோடு இருக்கிறதா என்ற ஐயத்துடன் மிதித்தபோது அது பூனைபோல் நகர்ந்தது. மூடுபனி இறங்கிய மாலையில் அப்புத்தளைக் கடைவீதியில் வண்டி வருவதை நடந்து போவோர் காதால் அறிய முடியாது என்பதும் அன்றே விளங்கிற்று.

அடுத்தது அந்தக் குரல். காலைதோறும் வண்டியை எழுப்பியவுடன் ஒரு பெண்குரல் யப்பானிய மொழியில் இனிமையாக ஏதோ சொல்லும். வணக்கம் கூறுகிறாள் என்று வீட்டிலுள்ளோர் மகிழ்ந்தோம். பிள்ளைகள் பதில் வணக்கமும் சொன்னார்கள். யப்பானில் வேலை செய்து திரும்பிய ஓர் இளைஞர் ஒருநாள் ஏறியமர்ந்தபோதுதான் உண்மை தெரிந்தது. நெடுஞ்சாலைக் கட்டணம் செலுத்தும் அட்டை செருகப்படவில்லை என்பதே அவள் நாள்தோறும் சொன்ன செய்தி! அப்புத்தளை மலையுச்சியில் நின்றுகொண்டு யப்பானின் நெடுஞ்சாலையைத் தேடுகிறது எமது வண்டி.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் எல்லாம் சிரிப்போடு முடியவில்லை. மழை நாளொன்றில் பண்டாரவளைச் சந்தைக்கு வெளியே சாவியின் சிறு பற்றரி தீர்ந்துபோகக் கதவு திறக்கவில்லை. ஒரு மணி நேரம் நனைந்தோம். அந்தச் சாவியின் வயிற்றுக்குள்ளேயே ஓர் இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது என்பதையும், செத்த சாவியைப் பொத்தானோடு ஒட்டிப் பிடித்தால் வண்டி கிளம்பும் என்பதையும் பின்னர் அறிந்தோம். பின்னாசனத்தின் ஓரத்தில் ஒரு சிறு சல்லடை இருக்கிறது. அலங்காரம் என்று நினைத்து அதன் மேல் லீக்ஸ் மூட்டைகளை அடுக்கினோம். அது பெரிய பற்றரி மூச்சு விடும் மூக்கு. அதை அடைத்தால் பற்றரி சூடேறி ஆயுள் குறையும். வெலிமடையிலும் பொரலந்தையிலும் மரக்கறி ஏற்றும் விவசாயிகளில் எத்தனை பேர் இதை அறிவர்? பற்றரி பழுதானால் அதன் விலை ஒரு போக வருமானத்தை விழுங்கிவிடுமே!

இவற்றினும் பெரியது இறக்கம். அப்புத்தளையிலிருந்து பெரகலை, கொஸ்லந்தை வழியாக வெல்லவாய செல்லும் பாதை ஏறத்தாழ 1,200 மீற்றர் கீழே இறங்குகிறது. முதற் பயணத்தில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினோம். பற்றரி நிரம்புவதைக் காட்டும் கோடுகள் ஒவ்வொன்றாக ஏற, இலவசமாக மின்சாரம் கிடைக்கிறதென்று மகிழ்ந்தோம். கொஸ்லந்தையை அணுகும்போது கருகல் நாற்றம் வந்தது. வண்டியை ஓரங்கட்டி நின்றோம். அங்கு நின்ற மரக்கறி லொறிச் சாரதி ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, “ஐயா, கியருக்குப் பக்கத்துல ‘பி’ன்னு ஒரு எழுத்து இருக்கே, அது எதுக்குன்னு நெனச்சீங்க? எறக்கத்துக்குத்தான்!” என்றார்.

கணக்கு எளியது. நால்வர் ஏறிய சிறிய கார் அந்த 1,200 மீற்றர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் நான்கு கிலோவாட் மணிக்கு மேல். இத்தகைய சிறிய வண்டிகளின் பற்றரியோ ஒரு கிலோவாட் மணி அளவே கொள்ளும். பாதி வழிக்கு முன்னரே அது நிரம்பிவிடும். அதன் பின்னர் சுமை முழுவதும் சாதாரண பிரேக்கின் தலையில் விழும். ‘பி’யில் இட்டால் எஞ்சினே வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும், பிரேக் பிழைக்கும், ஏறியிருப்போரும் பிழைப்பர். உயிர் காக்கும் அந்த ஓர் எழுத்தின் பொருள் யப்பானிய மொழிக் கைநூலில் அச்சாகி, முன்பெட்டிக்குள் உறங்கிக் கிடந்தது. விற்றவர் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்திருக்குமோ என்பதும் ஐயமே.

2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில் பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 உயிர்கள் போயின. அந்த விபத்தின் காரணத்தை நாம் இங்கு ஆராயவில்லை. அது கலப்பு வண்டியும் அன்று. ஆயினும் இந்த மலைகளில் இறக்கம் என்பது விளையாட்டன்று என்பதை நினைவூட்ட அதுவே போதும்.

இங்கேதான் அரசியல் வருகிறது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, ஒருவனுக்கு விளங்காத மொழியில் அவனை ஆள்வது அவனைக் குருடனாக்குவதாகும் என்று தமிழர் முழங்கினர். 1987இல் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1988இன் பதினாறாந் திருத்தத்தின் வழிவந்த ஏற்பாட்டின்படி, அப்புத்தளை, அல்துமுல்லை, பண்டாரவளை ஆகிய பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் வர்த்தமானி மூலம் இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன. இதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அறியாததனால், விளங்காத படிவத்தில் கைநாட்டு வைத்துவிட்டுத் திரும்புகிறோம். சாவிக்குள் சாவி இருப்பதை அறியாமல் மழையில் நின்றதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? உரிமை நமது கையில் இருக்கிறது. அது இருப்பதைச் சொல்வார்தான் இல்லை.

கார் வாங்கும் வசதியுள்ளவரின் குறையைத் தோட்டத் தொழிலாளரின் துயரோடு ஒப்பிடலாமா என்று கேட்போர் இருப்பர். நியாயமான கேள்வியே. ஆனால் அந்தக் காரிலும் வானிலும் ஏறிப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் தோட்டத்துக் கர்ப்பிணியும்தான். சாரதியின் அறியாமை ஏழை, பணக்காரர் பார்ப்பதில்லை. இனமும் பார்ப்பதில்லை: வெலிமடைச் சிங்கள விவசாயிக்கும் யப்பானிய எழுத்து நமக்குப் போலவே புள்ளியும் கோடுமாகத்தான் தெரிகிறது. ஆகவே இது இருசாராரும் சேர்ந்து எழுப்பவேண்டிய குரல்.

நாம் கேட்பது பெரிதன்று. இறக்குமதியாகும் ஒவ்வொரு வாகனத்துக்கும் அரசு பெருந்தொகையை வரியாக அறவிடுகிறது. அந்த வாகனத்தோடு, பாதுகாப்புக் குறிப்புகளேனும் அடங்கிய சிறு கைநூலொன்று தமிழிலும் சிங்களத்திலும் கொடுக்கப்படவேண்டும் என்பதை விற்பனைக்கு நிபந்தனையாக்கட்டும். மலைப்பாதை இறக்கத்தைச் சாரதிப் பயிற்சியின் கட்டாயப் பாடமாக்கட்டும். கலப்பு வண்டி பழுதுபார்க்கும் தொழிலைத் தோட்டத்து இளைஞர் தமிழிலேயே கற்க வழி செய்யட்டும்.

அரசு செய்யும்வரை நாம் கைகட்டி நிற்கவேண்டுமா? தமிழ்ப் பொறியியலாளர்களே, முப்பது பக்கத்தில் அந்தக் கைநூலை நீங்களே எழுதுங்கள். ஆசிரியர்களே, அதைப் படித்துச் சொல்லுங்கள். விவசாயிகளே, வண்டி வாங்கும்போது சக்கரத்தையும் கண்ணாடியையும் மட்டும் பார்க்காதீர்கள்; இதிலுள்ள ஒவ்வோர் எழுத்துக்கும் என்ன பொருள் என்று விற்பவரை நிறுத்திக் கேளுங்கள். பிரதேச செயலகத்துக்குப் போகும்போதும் அவ்வாறே கேளுங்கள்.

காலைதோறும் அந்த யப்பானியக் குரல் இன்னும் பேசத்தான் செய்கிறது. அதை நிறுத்தும் பொத்தான் எது என்று எமக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் ‘பி’ எங்கே இருக்கிறது என்று எம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும்.