கல் பிடித்து வைத்திருக்கும் பொசுபேற்று

கடையில் விற்கும் உலர்ந்த மீன்தீனியில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு பொசுபரசு. ஒரு கிராம் தீனி போட்டால் 10 மில்லிகிராம் பொசுபரசு தண்ணீருக்குள் போகிறது. அதைப் பொசுபேற்றாகக் கணக்கிட்டால் 30 மில்லிகிராம். தொட்டி 300 லீற்றர் என்றால் லீற்றருக்கு 0.1 மில்லிகிராம். மீன் கொஞ்சத்தைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். மிச்சம் கழிவாகத் திரும்பத் தண்ணீருக்கே வரும். முருகைக்கல் வளரும் வெப்பக் கடல்களின் மேல்நீரில் பொசுபேற்று பெரும்பாலும் 0.03 மில்லிகிராமுக்குக் கீழேதான் இருக்கும். கடல் வைத்திருப்பதைப்போல மூன்று மடங்கைத் தொட்டிக்குள் கொண்டுவந்து சேர்க்க அந்த ஒரு கிராம் தீனி போதும்.

ரொறன்ரோவிலிருந்து அழைத்த என் மருமகனுக்கு இந்தக் கணக்கைத்தான் முதலில் சொன்னேன். யாழ்ப்பாணத் தீவுப்பகுதியின் புளியங்கூடலில் பிறந்து, சின்ன வயதிலேயே வெளிக்கிட்ட பிள்ளை. அங்கே வீட்டு விறாந்தைக்குள் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து, உப்புக் கரைத்து, பண்ணைகளில் வளர்த்த முருகைத் துண்டுகளை வாங்கி நட்டு வளர்க்கிறான்.

"மாமா, கல்லெல்லாம் பச்சை மயிர்ப்பாசி மூடிட்டுது. பிடுங்கப் பிடுங்க வருது. பொசுபேற்று அளந்து பார்த்தால் 0.02 தான் காட்டுது. பிறகெப்பிடி?"

"ஒரு நாளைக்கு எத்தினை தரம் சாப்பாடு போடுறனி?"

"மூண்டு தரம். பாவமெல்லே, வாயைத் திறந்துகொண்டு வருகுதுகள்."

"தண்ணி?"

"பைப்பிலதான் பிடிக்கிறன். குளோரினுக்கு மருந்து போடுவன்."

அவன் கேட்ட கேள்விக்கு விடை அவனுடைய பதில்களிலேயே இருந்தது. அளவுகருவி காட்டுவது தண்ணீரில் அந்த நேரம் மிஞ்சியிருக்கும் பொசுபேற்றை மட்டும். பாசி ஏற்கெனவே எடுத்துத் தன் உடம்பாக்கிவிட்டதை அது காட்டாது. கல்லெல்லாம் பச்சை மூடிய தொட்டியில் 0.02 என்று வந்தால் பாசி நன்றாகச் சாப்பிடுகிறது என்றுதான் அதை வாசிக்க வேண்டும்.

தண்ணீர்க் கதை இன்னும் முக்கியம், புலம்பெயர்ந்த எங்கள் பிள்ளைகளுக்குக் குறிப்பாக. பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து குடிநீரில் கலக்காமல் இருக்க, ரொறன்ரோ நகரம் 2014 முதல் குழாய்த் தண்ணீரில் பொசுபேற்றைச் சேர்த்து வருகிறது. குழாயின் உட்சுவரில் அது கரையாத படலமாகப் படிந்து ஈயத்தைத் தடுக்கிறது. பிரித்தானியாவிலும் நீர் வழங்கும் நிறுவனங்கள் இதைப் பரவலாகச் செய்கின்றன. குடிக்கிறவருக்குத் தீங்கில்லை, நன்மைதான். ஆனால் அதே தண்ணீரில் உப்புக் கரைத்து முருகைத் தொட்டிக்கு ஊற்றினால், வாரா வாரம் தண்ணீர் மாற்றுவதே பாசிக்குப் பசளை போடுவதாகிவிடும். சவ்வால் வடித்த தண்ணீர்தான் இதற்கு நல்ல வழி. உவர்க் கிணறுகளோடு வாழும் தீவார்களுக்கு ஆர்.ஓ. தண்ணீர் என்றால் விளக்கம் தேவையில்லை. 2024 இல் தாளையடியில் திறந்த, கடல்நீரைக் குடிநீராக்கும் பெரிய நிலையமும், வடிகட்டிக் கடைகளில் விற்கும் சின்னக் குழலும் ஒரே முறையில்தான் வேலை செய்கின்றன.

தீனியை மூன்றில் ஒன்றாகக் குறைத்தான். வடித்த தண்ணீருக்கு மாறினான். உறைந்த இறாலை உருகவைத்து, கழுவி, அந்தச் சாற்றை ஊற்றிவிட்டுப் போடத் தொடங்கினான். மாதக்கணக்கில் பாசி அசையவில்லை. பிள்ளை மனம் நொந்துபோனான்.

நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பித்தவன். அவனுக்கு அப்போது சொல்ல வேண்டியிருந்தது கல்லைப் பற்றி. தொட்டியில் அடுக்கியிருக்கும் கல்லும், கீழே பரப்பிய மணலும் கல்சியம் காபனேற்று. கல்சியம் காபனேற்றின் மேற்பரப்பு பொசுபேற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீரில் பொசுபேற்று கூடினால் கல்லில் ஏறும். தண்ணீரில் குறைந்தால் கல்லிலிருந்து இறங்கும். இரண்டு வருடம் மூன்று நேரமும் தீனி போட்ட தொட்டியின் கல், அந்த இரண்டு வருடத்தையும் தனக்குள் வைத்திருக்கிறது. பாசியின் பிடி அந்தக் கல்லின் மேலேயே இருப்பதால், இறங்குவதைத் தண்ணீருக்கு வரமுன்னமே வாங்கிக்கொள்கிறது. ஆகவே தீனியைக் குறைத்த மறுநாள் பாசி சாகாது.

புளியங்கூடலும் சரவணையும் சுருவிலும் நாரந்தனையும், ஏன் குடாநாடு முழுவதுமே இந்தக் கல்சியம் காபனேற்றின் மேல்தான் இருக்கிறது. நெடுந்தீவில் முருகைக்கல்லை அடுக்கியே வேலி கட்டியிருக்கிறார்கள். கிணறு வெட்டினாலும் சுண்ணாம்புக்கல், அத்திவாரம் தோண்டினாலும் சுண்ணாம்புக்கல். தொட்டிக்குள் நடப்பதை எங்கள் நிலத்திலேயே காட்டிப் படிப்பிக்கலாம்.

இந்த நேரத்தில்தான் பிள்ளை அவசரப்பட்டான். கடையில் செந்நிறக் குறுணல் விற்கிறார்கள். அது இரும்பு ஒட்சைட்டு. வடிகட்டியில் போட்டால் பொசுபேற்றை இறுகப் பிடித்துக்கொள்ளும். இதுவும் எங்களுக்குப் புதிதில்லை. வலிகாமத்துச் செம்மண்ணைச் செம்மண் ஆக்கியதும் இரும்பு ஒட்சைட்டுத்தான், பொசுபேற்றுப் பசளையில் ஒரு பங்கைப் பயிருக்குக் கொடாமல் அந்த மண் பிடித்து வைத்துக்கொள்வதும் அதனால்தான். அளவாகப் போட்டால் நல்ல மருந்து. மருமகன் ஒரேயடியாகக் கொட்டினான். சில நாட்களில் பொசுபேற்று பூச்சியம், நைத்திரேற்றும் பூச்சியம். பாசி வெளிறத் தொடங்கியது. கூடவே முருகையும் வெளிறியது. அதன் பிறகு, மணலிலும் கல்லிலும் குமிழி கோத்த மண்ணிறச் சளி படர்ந்தது. இரவில் மறைந்து, விளக்குப் போட்டதும் திரும்ப வரும் அந்தச் சளி, சுழிக்கசையுயிர் என்று உயிரியலில் படித்த நுண்ணுயிர்க் கூட்டம். மற்றப் பாசிகள் பட்டினி கிடக்கும் வெறுந்தொட்டியில் அவை தலையெடுப்பதை முருகை வளர்ப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். மயிர்ப்பாசியை விட அவை பொல்லாதவை. சிலவற்றில் நஞ்சும் உண்டு, அவற்றைத் தின்னும் நத்தைகள் செத்துப்போகும்.

முருகைக்கும் பொசுபேற்று வேண்டும். அதன் சதைக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது. அந்த நுண்பாசிக்குப் பொசுபரசு இல்லாமல் முடியாது. 2013 இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்து யோர்க் வீடன்மானும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிக முக்கியமானது. நைதரசன் கூடி, அதற்கேற்ற பொசுபேற்று இல்லாதபோது, முருகையின் நுண்பாசி பொசுபேற்றுப் பட்டினியில் விழுகிறது. வெப்பத்தையும் வெளிச்சத்தையும் தாங்கும் சக்தி குறைந்து முருகை வெளிறுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். இன்னொரு பக்கம், பொசுபேற்று மிகுந்தால் முருகையின் கல் வளர்ச்சி குன்றும். 1979 இல் கின்சியும் டேவிசும் அவுஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பாரில், தண்ணீரில் நைதரசனையும் பொசுபேற்றையும் கூட்டிவிட்டுப் பார்த்தபோது சுண்ணாம்புப் படிவு பாதிக்கும் கீழே விழுந்தது. ஆகவே தொட்டிக்காரர்கள் 0.03 இலிருந்து 0.1 வரை என்று ஓர் இடைவெளியை வைத்துக்கொள்வது சரி. பூச்சியம் இலக்கே இல்லை. குறைப்பதையும் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

நான் அவனுக்குச் சொன்ன வழி மெதுவானது. குறுணலை ஒரு கைப்பிடிக்குக் குறை. பாசியைக் கையால் பிடுங்கி வெளியே எறி. பிடுங்கிய ஒவ்வொரு பிடியோடும் பொசுபேற்று தொட்டியை விட்டுப் போகிறது. பக்கத்தில் சின்னத் தொட்டி ஒன்றில் நல்ல பாசியை விளக்கு வைத்து வளர்த்து, வளர வளர வெட்டு. தீவுப்பகுதியில் கரையொதுங்கும் சாதாளையை அள்ளித் தோட்டத்துக்குப் பசளையாகப் போட்ட எங்கள் பாட்டன்மார் செய்ததும் இதைத்தான். கடலில் கூடினதைக் கரைக்கு எடுத்தார்கள், கரை விளைந்தது. அந்த வழக்கம் கைவிட்டுப் போனதில் எனக்கு உண்மையாகவே மனவருத்தம்.

அடுத்தது, தின்னிகள். பாசி எவ்வளவு வளர்கிறது என்பதைப் பசளை தீர்மானித்தாலும், எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைத் தின்பவைதான் தீர்மானிக்கின்றன. 1983, 84 இல் கரிபியன் கடல் முழுவதும் ஒரு நோய் வந்து, பாசி மேயும், நீண்ட கறுத்த முள்ளுடைய கடல் முள்ளெலிகள் ஏறக்குறைய எல்லாம் செத்தன. பாசி தின்னும் மீன்களை யமேக்கா ஏற்கெனவே பிடித்து முடித்திருந்தது. 1970களின் முடிவில் நூற்றுக்கு 50க்கு மேல் உயிருள்ள முருகை மூடியிருந்த யமேக்காவின் பார்களில், 1990களின் தொடக்கத்தில் 5 கூட மிஞ்சவில்லை. பாசி மூடிவிட்டது. ஹவாயின் கனேயொஹே விரிகுடாவிலோ கழிவுநீர்க் குழாயை 1977, 78 இல் ஆழ்கடலுக்குத் திருப்பினார்கள். ஆனாலும் முருகையை மூடி வளர்ந்த பச்சைக் குமிழிப்பாசி பல பத்தாண்டுகள் போகவில்லை. 2006 இல் வாரக்கணக்காக வானம் மூடி மழை பெய்து வெளிச்சம் குறைந்தபோதுதான் பெரும்பகுதி அழிந்தது. மூன்று நாள் விளக்கை அணைத்து வைக்கும் தொட்டிக்காரர்களின் வைத்தியத்தைக் கடலே செய்ததுபோல.

எங்கள் கடலில் அந்த வேலையைச் செய்வது ஓராவும் கிளிமீனும். ஓரா பாசியும் சாதாளையும் மேய்ந்து வளர்கிற மீன். அதன் குஞ்சைக்கூட விடாமல் அள்ளும் சிறுகண் வலையும், அடித்தளத்தையே வழித்துக்கொண்டு போகும் இழுவைமடியும் பாரைப் பாசிக்கு எழுதிக் கொடுக்கின்றன. அடியிழுவையை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடைசெய்தது. தடை கடலில் தெரிய வேண்டும். கடலட்டைப் பண்ணைக்கு நான் எதிரியல்ல, அட்டை மணலைத் தின்று சுத்தமாக்கும் உயிர். சாதாளைப் படுக்கையின் மேலும் ஓராவின் வழியிலும் வேலியடிக்க அனுமதி கொடுப்பதற்குத்தான் எதிரி.

குடாநாட்டைச் சுற்றிய பார்களை அற்பமாக நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 2021 இல் வெளிவந்த ஆய்வொன்று, மரபணுச் சோதனையோடு, அதுவரை இலங்கையில் பதிவாகாத 36 முருகை இனங்களை எங்கள் வடகடலில் கண்டது. அவற்றில் ஒரு துண்டைக்கூட உடைத்தெடுக்கச் சட்டம் விடாது. தொட்டிக்கென்று ஊரிலிருந்து கல் கேட்கும் பிள்ளைகள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இந்தப் பார்களை நோக்கி நிலத்திலிருந்து என்ன போகிறது? வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் பசளையால் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வைத்த, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருக்கிறது என்பது பல காலமாக அளந்து எழுதப்பட்ட விடயம். அந்தத் தண்ணீர் கல்லுக்குள்ளால் கடலுக்குப் போகிறது. கடலோரத்தில் நன்னீர் சுரக்கும் கீரிமலைக் கேணியைப் பார்த்தவருக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. போகிற வழியில் சுண்ணாம்புக்கல் பொசுபேற்றைப் பிடித்துக்கொள்ளும், நைத்திரேற்றைப் பிடிக்காது. சவுதாம்ப்டன்காரர் எச்சரித்த நிலை இதுதான்: நைதரசன் கூட, பொசுபேற்று குறைய. கரையோரக் கக்கூசுக் குழிகளும் மீன்கழிவு கொட்டும் இறங்குதுறைகளும் உள்ள இடத்தில் இதற்கு எதிர்மாறாக இரண்டும் கூடும். எந்தக் கரையில் எது என்று தெரியாமல் செய்யும் எந்த வைத்தியமும், என் மருமகன் குறுணலைக் கொட்டிய மாதிரித்தான் முடியும்.

அவனிடம் கைக்குள் அடங்கும் ஒரு நிறமானி இருக்கிறது. தண்ணீரில் மொலிப்டேற்றுத் தூளைப் போட்டால் நீலம் பிடிக்கும். நீலம் கடுமையாகக் கடுமையாகப் பொசுபேற்று கூட. கருவி அந்த நீலத்தை இலக்கமாகக் காட்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு பின்னேரத்தில் பழகிக்கொள்ளலாம். நைத்திரேற்றுக்கும் இதேபோல ஒன்று உண்டு. ஊர்காவற்றுறையிலிருந்து மண்கும்பான் வரை, மாதம் ஒருதரம், மாரியிலும் கோடையிலும், ஒவ்வொரு பாடசாலையும் தன் கரைத் தண்ணீரை அளந்து எழுதி வைத்தால், ஐந்து வருடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மீன்பிடியியல் துறைக்குக் கையில் கொடுக்கக்கூடிய ஏடு ஒன்று எங்களிடம் இருக்கும்.

வெளிநாடுகளில் முருகைத் தொட்டி வைத்திருக்கும் தீவுப்பகுதிப் பிள்ளைகளே, அடுத்தமுறை திருவிழாவுக்கு வரும்போது அப்படியொரு நிறமானியும் ஒரு வருடத்துக்குப் போதுமான தூளும் கொண்டுவாருங்கள். எந்தப் பாடசாலைக்குக் கொடுக்கலாம் என்று இந்தப் பத்திக்கு எழுதிக் கேளுங்கள். அதிபரோடு நான் கதைத்து ஒழுங்கு செய்து தருகிறேன், பிள்ளைகளுக்கு அளக்கவும் பழக்கிவிடுகிறேன்.