வெட்டி எடுத்ததற்கு ஒரு பெயர்

வயிற்றிலிருந்து ஒரு கட்டி அகற்றப்பட்டதும் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "முழுசா எடுத்தாச்சா டாக்டர்?" என்பதுதான். அது என்ன கட்டி என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. அறுவை மருத்துவரைக் கைகூப்பித் தொழும் நாம், பிறகு எங்கோ ஓர் ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து அக்கட்டிக்குப் பெயரிடுபவரைப் பார்ப்பதே இல்லை. அரிய கட்டிகளைப் பொறுத்தவரை நோயாளியின் எஞ்சிய வாழ்வைத் தீர்மானிப்பதில் கத்திக்கு இணையான பங்கு அந்தப் பெயருக்கு உண்டு என்பது என் எண்ணம்.

ஜிஸ்ட் எனப்படும் கட்டியை எடுத்துக்கொள்வோம். இரைப்பையிலோ சிறுகுடலிலோ சளிப்படலத்துக்கு அடியில் வளர்வது. மேலேயுள்ள படலம் இயல்பாகவே இருப்பதால் எண்டோஸ்கோப்பியில் கிள்ளியெடுக்கும் துணுக்கில் பல சமயம் ஒன்றும் அகப்படாது. ரத்தசோகையாக, கறுத்த மலமாக, காரணம் புரியாத வயிற்றுக் கனமாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும். பல பத்தாண்டுகள் இதை மென்தசைக் கட்டி என்றே ஏடுகள் வகைப்படுத்தின. 1983-இல் மஸூர், கிளார்க் என்ற இரு நோயியலாளர்கள், இவற்றில் பல தசையிலிருந்து கிளைத்தவையாகத் தெரியவில்லையே என ஐயம் எழுப்பினார்கள். 1998-இல் ஜப்பானில் ஹிரோட்டாவும் அவர் குழுவினரும் இக்கட்டிகளில் கிட் என்னும் மரபணு பிறழ்ந்திருப்பதைக் கண்டறிந்தார்கள். குடலின் அசைவுக்குத் தாளம் கொடுக்கும் கஹால் உயிரணுக்களோடு இதற்குள்ள உறவும் அக்காலத்தில்தான் துலங்கியது. (அவ்வணுக்களுக்குப் பெயர் தந்த ரமோன் இ கஹால், இளமையில் ஓவியராக விரும்பியவர், நுண்ணோக்கியில் கண்டதைக் கையால் வரைந்து வரைந்தே விஞ்ஞானியானவர்.)

பெயர் திருந்திய பின்பே சிகிச்சையும் திருந்தியது. மென்தசைப் புற்று என எண்ணிச் செலுத்திய மருந்துகளுக்கு இக்கட்டி பெரும்பாலும் அசைந்து கொடுக்கவில்லை. ரத்தப் புற்றுநோய் ஒன்றுக்காக உருவான இமாட்டினிப், 2000-இல் ஃபின்லாந்தில் ஜிஸ்ட் பரவியிருந்த ஒரு பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டது. சில வாரங்களிலேயே கட்டிகள் சுருங்கின.

இந்தியாவில் அம்மாத்திரையின் கதை சென்னை வழியாகச் செல்கிறது. 2006-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நோவார்டிஸின் விண்ணப்பத்தை மறுத்தது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. விலை குறைந்த உள்நாட்டு மாத்திரை நிலைத்தது. நல்லது. ஆனால் தன் நோயின் பெயரே தெரியாதவர் அந்த மாத்திரையை எப்படிச் சென்றடைவார்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. வயிற்றில் நீர் கோத்து, ரத்தத்தில் சிஏ-125 ஏறி, ஸ்கேனில் சினைப்பைப் புற்று போலவே தோற்றம் தரும் காசநோய் நம் மருத்துவர்களுக்குப் புதிதல்ல. திசுத் துணுக்கை எடுத்துப் பார்த்துவிட்டால், மாதக்கணக்கில் மாத்திரை உண்டு குணமாகும் நோய் அது. பாராமல் கத்தி வைத்தால் ஒரு பெண் தன் சினைப்பைகளையும் கருப்பையையும் வீணே இழக்கிறாள்.

"அதுதான் எடுத்தாயிற்றே, இன்னும் எதற்குச் செலவு?" என்று தயங்கும் குடும்பங்களை எனக்குப் புரிகிறது. ஆயினும் அகற்றியது வெறும் குடல்வாலே ஆனாலும் ஃபார்மலினில் இட்டுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அங்கே ஒளிந்திருக்கும் கார்சினாய்டு கட்டிகள் பெரும்பாலும் இப்படித் தற்செயலாகவே தெரியவருகின்றன. இரைப்பையிலோ குடலிலோ எடுத்த கட்டியின் அறிக்கையில் கதிர்வடிவ உயிரணுக் கட்டி என்று மட்டும் எழுதியிருந்தால், சிடி117 சோதனை செய்தார்களா எனக் கேளுங்கள். மெழுகில் பதித்த திசு ஆண்டுகள் கழிந்தும் மறுபரிசோதனைக்கு உதவும்.